குறைந்த கட்டணமும் மருத்துவரின் தகுதியும்: ஒரு திருத்தம்

குறைந்த கட்டணத்தில் நாய்களுக்குக் கருத்தடை செய்யும் இடங்களில் மருத்துவர் அல்லாதவர்களே அறுவை செய்கிறார்கள் என்றும், ஆகவே சிறிய இனப் பெண் நாயை அங்கே கொண்டுபோகக் கூடாது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அக்கறை புரிகிறது. ஆனால் செய்தி சரியன்று.

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984, பிரிவு 30-இன்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் இம்மருத்துவத்தைத் தொழிலாகச் செய்யலாம். மருத்துவரின் மேற்பார்வையில் உதவியாளர்கள் செய்யத்தக்க சிறு பணிகளில் தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப்போடுதல் ஆகியவற்றோடு ஆண் விலங்கின் விதைநீக்கத்தையும் அச்சட்டம் சேர்த்திருப்பது உண்மையே (குழப்பம் ஒருவேளை இங்கிருந்து வந்திருக்கலாம்). ஆனால் மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைத் திறந்து, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றும் பெண் நாயின் அறுவை அந்த வகையைச் சேர்ந்ததன்று. சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் அரசு நிதி. தொண்டு நிறுவனங்களில் நன்கொடை.

சட்டத்தின் வாசகம் இந்திய அரசின் சட்டத் தொகுப்பு இணையதளத்தில் கிடைக்கிறது. குறிப்பிட்ட இடத்தைப் பற்றி ஐயமிருந்தால், அறுவை செய்யப்போகும் மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் முன்கூட்டியே கேட்டு, மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்திடம் உறுதிசெய்துகொள்ளலாம். எண்ணைத் தரத் தயங்கும் இடத்தை, கட்டணம் எவ்வளவாயினும், நான் தவிர்த்துவிடுவேன்.