கூண்டு ஏறினால் கூட்டம் கூடுது

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாச்சு என்று டிவியில் சொன்னால் போதும், புதுச்சேரி பீச் ரோட்டில் பைக் நிறுத்த இடம் கிடைக்காது. எச்சரிக்கை மூன்றாம் எண்ணா, பத்தாம் எண்ணா, யாருக்குக் கவலை? செல்ஃபி எடுக்கணும். அதுவும் கருங்கல் மேல் ஏறி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! கல்லெல்லாம் பாசி, ரப்பர் செருப்பு நிற்காது. இடுக்கில் கால் சிக்கினால் அடுத்த அலைக்குள் உருவ முடியாது. நாலு அலை சின்னதாக வந்தால் அஞ்சாவதும் அப்படித்தான் வரும் என்று கடல் எழுதிக் கொடுத்ததா? ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. முழங்கால் உயரத்துக்கு வேகமாக வந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். மோதித் திரும்பும் தண்ணீர் உள்ளே இழுக்கும். 2011-இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரை கடந்தது, அதுகூட மறந்துபோச்சு. புயலின் கண், அதாவது நடுவிலிருக்கும் அமைதியான பகுதி, கடக்கையில் காற்று அடங்கியதும் 'போயிடுச்சு' என்று கிளம்பும் கோஷ்டி தனி. எதிர்த்திசைக் காற்று பின்னாலேயே வரும், சாமி! போலீஸ் தடுப்பு வைத்தால் குனிந்து நுழைகிறார்கள், குழந்தையையும் இழுத்துக்கொண்டு.