ரோபோவா, லேப்ராஸ்கோப்பியா: அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முன் நாங்கள் கற்றுக்கொண்டவை

என் அம்மாவுக்கு மலக்குடல் ஆசனவாய் வழியாக வெளியே இறங்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆன பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு அது தெரிய வந்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் தேங்காய் எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியால் தானே உள்ளே தள்ளிவிட்டு, எதுவும் நடவாதது போல அடுப்படிக்குத் திரும்பியிருக்கிறார். மூலம் என்று நினைத்து நாட்டு மருந்துக் கடையில் லேகியம் வாங்கிச் சாப்பிட்டும் இருக்கிறார். ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. ஆனாலும் வெட்கத்தால் வெளியே சொல்பவர்கள் குறைவு என்பதால், அம்மாவின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் போன தனியார் மருத்துவமனையில், அம்மாவை ஒழுங்காகப் பரிசோதிப்பதற்கு முன்பே, மருத்துவர் இயக்கும் ரோபோ கைகளால் அறுவை சிகிச்சை செய்வது பற்றிய பேச்சு வந்துவிட்டது. கேமராவை உள்ளே விட்டு, மருத்துவர் கையில் பிடித்த கருவிகளால் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்குச் சொன்ன தொகையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கேட்டார்கள். ரோபோவில் செய்தால் மறுபடியும் இறங்கவே இறங்காது என்று அங்கிருந்த ஆலோசகர் அடித்துச் சொன்னார். அந்த வாக்குறுதிதான் எனக்கு உறுத்தியது.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர், ஒரு செவிலியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அம்மாவைக் கழிவறையில் குந்தவைத்து முக்கச் சொல்லிப் பார்த்தார். வெளியே வந்த பகுதியில் மடிப்புகள் வளையம் வளையமாக இருந்தன. மூலமாக இருந்தால் அவை நடுவிலிருந்து கதிர்களைப் போலப் பிரிந்திருக்கும் என்றும், இது மலக்குடலின் முழுச் சுவரும் இறங்கிய நிலை என்றும் விளக்கினார். பிறகு ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். மலக்குடலின் முன்பக்கத்தை மட்டும், அதாவது அதற்கும் பிறப்புறுப்புக்கும் இடையே உள்ள பகுதியை மட்டும் பிரித்து, அங்கே ஒரு வலைப்பட்டையைத் தைத்து, அதன் மறுமுனையை முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பில் பொருத்துவார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரைச் சேர்ந்த ஆந்த்ரே டி ஹூர் 2004-இல் விவரித்த முறை இது. பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள நரம்புகளைத் தொடாமல் விடுவதால், பழைய முறைகளுக்குப் பின் பலருக்கு வந்த கடும் மலச்சிக்கல் இதில் குறைகிறது.

லேப்ராஸ்கோப்பியானாலும் ரோபோவானாலும் உள்ளே நடப்பது இதே அறுவை சிகிச்சைதான், வயிற்றில் போடுவதும் சிறு துளைகள்தான் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். லேப்ராஸ்கோப்பியில் நீண்ட, வளையாத கருவிகளைக் கொண்டு இடுப்புக்குழியின் அடியாழத்தில் தையல் போட வேண்டும். கை வலப்பக்கம் போனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். ரோபோவில் கருவியின் நுனி மணிக்கட்டைப் போலத் திரும்புகிறது, முப்பரிமாணக் காட்சி கிடைக்கிறது, கை நடுக்கம் வடிகட்டப்படுகிறது. இடம் குறுகலாக இருக்கும் இந்த அறுவைக்கு அது மருத்துவருக்கு உண்மையிலேயே பெரிய வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவருக்குக் கிடைக்கும் வசதி நோயாளிக்கு எவ்வளவு பலனாகிறது என்பது தனிக் கேள்வி. பின்லாந்தின் ஓவுலு நகரில் 30 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டையும் ஒப்பிட்டு, 2016-இல் வெளியிட்ட ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 30 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். என்றாலும், மறுபடியும் இறங்கவே இறங்காது என்று சொல்ல அதில் எந்த ஆதாரமும் இல்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் கொண்டுவந்த விதிகள், ரோபோ அறுவை சிகிச்சையை மருத்துவக் காப்பீட்டில் அடியோடு விலக்கக் கூடாது என்றன. ஆனால் அதற்கு உச்சவரம்பு வைக்க அவை இடம் கொடுத்தன. எங்கள் பாலிசியில் அந்த வரம்பு இருந்தது, மீதியை நாங்களே கட்ட வேண்டியிருந்திருக்கும். நகையை அடகு வைத்தாவது ரோபோவில் செய்துவிடலாம் என்று தம்பி சொன்னபோது, அம்மா மீதுள்ள பாசத்தில்தான் சொன்னான் என்று தெரிந்தும் நான் மறுத்தேன்.

நாங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறாக இருந்தன. எந்த வகை வலை வைப்பார்கள்? செயற்கை வலை நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குப் பின்னாளில் அரித்துக்கொண்டு வெளியே வரக்கூடும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்கிறார்களா? வலை இல்லாமல் வெறும் தையலால் தூக்கிக் கட்டும் முறை அம்மாவுக்குப் பொருந்துமா? முழு மயக்கத்தைத் தாங்க முடியாத அளவுக்கு உடல் தளர்ந்திருந்தால், வயிற்றைத் தொடாமல் கீழ்வழியாகவே செய்யும் டெலோர்ம் போன்ற முறைகளும் உண்டு. இவற்றையெல்லாம் பேசி முடிக்காமல் கருவியைப் பற்றி முடிவெடுப்பது முறையல்ல என்றே இன்றும் நினைக்கிறேன்.

கடைசிக் கேள்வியை அம்மாவே கேட்டார். “இத எத்தன பேருக்குப் பண்ணிருக்கீங்க சார்?” அந்த மருத்துவர் தயங்காமல் எண்ணிக்கையைச் சொன்னார், அதில் இரண்டு பேருக்குத் திரும்பவும் இறங்கியது என்பதையும், அவர்களுக்குப் பிறகு என்ன செய்தார் என்பதையும் கேட்காமலேயே சேர்த்துச் சொன்னார். அவர் பல ஆண்டுகளாகப் பழகியது லேப்ராஸ்கோப்பியில். வெளியே வந்ததும் அம்மா, “இவருகிட்டயே பண்ணிக்கிறேன்” என்றார். அடுத்த வாரமே தேதி குறித்துவிட்டோம்.