பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிற அம்மாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

தாய்ப்பால் குறித்த அந்த மேடைப் பேச்சில் பாட்டில் கொடுக்கிற அம்மாக்களைக் கேலி செய்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்குப் பகிர்ந்து, கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவிலும் வந்து விழுந்துவிட்டது. கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். போட்டவர்களில் பாதிப் பேர் என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர்கள். இதற்கு மேலும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என்ன பேச்சு, யார் பேசினார் என்றெல்லாம் விளக்கப் போவதில்லை, பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். தாய்ப்பாலின் அருமையைப் பற்றி அவர் சொன்ன எதிலும் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அந்த அரை நிமிடத்தோடு மட்டும்தான். இல்லாத பாட்டிலைக் கையில் பிடித்து, கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி அளவுக் கோடு பார்த்து, "ஐயய்யோ, இன்னும் இருபது எம்.எல். மிச்சம் இருக்கே!" என்று பெண் குரலில் அழுது காட்டினாரே, அது. அரங்கமே சிரித்தது. முன்வரிசைப் பெண்களும் சிரித்தார்கள்.

அப்படித் தூக்கிப் பார்த்தவள் நான். நடுராத்திரியில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன். குழந்தை மடியில் தூங்கிப்போன பிறகு பாட்டிலை மேசையில் வைத்து, பால் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, குனிந்து பார்த்திருக்கிறேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? பெற்ற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒருத்தி தவிக்கிறாள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பேசாமல் இருங்கள். அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த எம்.எல். கணக்கை அவள் தலையில் ஏற்றியது யார்? பிள்ளை பார்க்க வருகிற ஒவ்வொருவரும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி "எவ்வளவு குடிக்கிறான்?" என்பதுதான். அத்தை கேட்பார், சித்தி கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். அறுபது என்று சொன்னால் முகம் சுருங்கும். "என் பேரன் இதே வயசுல நூத்திருபது குடிச்சான்" என்பார்கள். நாள் முழுக்க அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவது நீங்கள். அவள் அந்தக் கணக்குக்காக பாட்டிலின் அளவுக் கோட்டைப் பார்த்தால் கைதட்டிச் சிரிப்பதும் நீங்கள்.

என் மகளுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். எடை நாலு கிலோ. ஒரு வேளைக்கு எழுபது, எண்பது எம்.எல். குடிப்பாள். அதற்கு மேல் உதட்டை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவாள். பவுடர் பால் டின்னில் ஒட்டியிருந்த அட்டவணையோ அவள் வயதுக்கு நேரே 120 என்றது. ஒவ்வொரு வேளையும் நாற்பது குறைகிறதே என்று எனக்கு உள்ளே நடுங்கும். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பால் பிடிக்கவில்லை என்றார் ஒருவர், நான் பிடிக்கிற விதம் சரியில்லை என்றார் இன்னொருவர். "பெத்தவ பால் குடிச்சிருந்தா இந்த வம்பே இல்ல" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு செவிலியர் எடை பார்த்துவிட்டுக் கேட்டார்: "நேத்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போச்சும்மா?" அதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி அது. ஏழெட்டுத் துணி நனைந்தது என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனை வேளை பால்?" எட்டு என்றேன். அட்டையின் பின்பக்கம் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் வாரம் தாண்டிய குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 எம்.எல். சில பிள்ளைகள் 200 வரை குடிக்கும், சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். நாலு கிலோவுக்கு 600. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75. டின் சொன்ன 120-ஐ அந்த அட்டவணையிலேயே இருந்த ஐந்து வேளையால் பெருக்கிப் பாருங்கள், அதுவும் 600தான்! என் பெண் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடிக்கிறவள். அவ்வளவுதான் விஷயம். அவள் ஒரு சொட்டும் குறைவாகக் குடிக்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய இந்தக் கணக்கை எத்தனையோ பேர் வந்துபோன வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. குறை சொல்ல மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

"இதெல்லாம் காமெடிங்க, இவ்வளவு சென்சிட்டிவா எடுத்துக்காதீங்க" என்று ஒரு தம்பி இப்போதே இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். தம்பி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கலக்கிக் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, கழுவி, கொதிக்க வைத்து, மறுபடி படுப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிற வாழ்க்கையை ஒரு வாரம் வாழ்ந்துவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

"தாய்ப்பால்தான் சிறந்தது, அதைச் சொல்லக்கூடாதா?" தாராளமாகச் சொல்லுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நானும் எல்லோரிடமும் சொல்கிறவள்தான். பவுடர் பால் கம்பெனிகள் தாய்மாரிடம் விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரிகள் கொடுக்கக்கூடாது என்று அதே நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த சர்வதேச நெறிமுறையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த நெறிமுறை கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. தாயைப் பரிகாசம் செய்யச் சொல்லி அதில் ஒரு வரி கிடையாது. பவுடர் பால் தேவைப்படுகிற தாய்க்கும் குடும்பத்துக்கும் அதை எப்படிக் கலப்பது என்று சுகாதாரப் பணியாளரே செய்து காட்ட வேண்டும், தவறாகக் கலந்தால் என்ன ஆபத்து என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. உங்களைவிடக் கண்டிப்பானவர்கள் எழுதிய சட்டகம் அது. அவர்களே சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள்.

இன்னொன்று. அந்த பாட்டிலுக்குள் இருப்பது தாய்ப்பாலாகவே இருக்கலாம். வேலைக்குப் போகிறவள் பிழிந்து வைத்துவிட்டுப் போனதாக இருக்கலாம், குறைமாதத்தில் பிறந்து மார்பில் உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைக்காகப் பம்ப் செய்ததாக இருக்கலாம். இரட்டைப் பிள்ளைகள் இருக்கலாம். தத்தெடுத்த பிள்ளையாக இருக்கலாம். தாயை இழந்த பேத்தியை வளர்க்கிற பாட்டியாக இருக்கலாம். தூரத்திலிருந்து பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு இதில் எதைக் கண்டுபிடித்தீர்கள்?

"சரி, நீங்கள் ஏன் பாட்டில் கொடுத்தீர்கள்?" இதைக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். சொல்ல மாட்டேன். என்னிடம் காரணம் இருக்கிறது, உங்கள் கண்ணில் தண்ணீர் வரவைக்கிற காரணம்தான். சொன்னால் என்னை மட்டும் மன்னித்துவிட்டு அடுத்தவளிடம் போய் உன் காரணம் என்ன என்று கேட்பீர்கள். ஒவ்வொருத்தியும் தன் உடம்பின் கதையை ஊர் முன்னால் வைத்து அனுமதி வாங்கிய பிறகுதான் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமா?

"அந்தக் காலத்தில் யார் அளந்து பார்த்தா? நாங்கள் எல்லாம் வளரவில்லையா?" வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கு வந்து இதைக் கேட்க முடிகிறது. வளராமல் போன பிள்ளைகள் எல்லார் குடும்பத்திலும் உண்டு, அவர்களைப் பற்றிப் பாட்டிமார் பேச மாட்டார்கள்.

எம்.எல். எம்.எல். என்று குறித்துக்கொண்டே இருந்தால் பயம் கூடத்தானே செய்யும் என்று ஒரு தோழி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கூடும்தான். ஒரு வேளையை வைத்து ஒரு முடிவுக்கும் வரமுடியாது. பெரியவர்களுக்கே ஒரு நாள் பசிக்கும், ஒரு நாள் பசிக்காது. ஆறு வாரம், மூன்று மாதம் என்று திடீர் வளர்ச்சி வருகிற நாட்களில் பிள்ளை எவ்வளவு கொடுத்தாலும் கேட்கும், பிறகு தானாகக் குறைத்துக்கொள்ளும். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் கோட்டைப் பார்க்காதே என்று மட்டும் சொன்னால் அவள் எங்கே போவாள்? அவள் கையில் இருப்பது அந்தக் கோடு ஒன்றுதான்.

எனவே அந்த மேடையில் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்கிறேன். முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைவது சாதாரணம், இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. ஐந்தாறு நாள் கழிந்த குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைக்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாகப் பார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் பாட்டிலில் மிச்சம் இருக்கிற இருபது எம்.எல். வெறும் மிச்சம்தான். கீழே கொட்டுங்கள். வாய் வைத்த பாலை எடுத்து வைத்து மறுபடி கொடுக்கக்கூடாது.

எடை அட்டையில் இருக்கிற வளைகோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை வைத்தும் நிறையப் பேர் அழுகிறார்கள். 50 என்று போட்டிருக்கிற கோடு தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. ஆரோக்கியமான பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். 15-ஆம் கோட்டில், அதாவது நூற்றுக்குப் பதினைந்து பேர் மட்டும் கீழே இருக்கிற கோட்டில், போகிற பிள்ளை அதே கோட்டை ஒட்டி மேலே ஏறிக்கொண்டிருந்தால் அது அந்தப் பிள்ளையின் வழி.

இதைச் சொல்லாமல் சிரித்தால் என்ன ஆகும் தெரியுமா? எனக்கு உண்மையான கோபம் இங்கேதான். கேலிக்குப் பயந்த அம்மா டாக்டரிடம் கேட்க மாட்டாள். யாரோ காதில் சொல்வதைச் செய்வாள். "கொஞ்சமாத்தானே குடிக்குது, ஒரு ஸ்கூப் பொடி கூடப் போடு" என்பார்கள். கூடப் போட்டால் பிள்ளைக்கு நீர்ச்சத்து குறையும், மலம் இறுகும், சிறுநீரகத்துக்குச் சுமை. இன்னொருவர் டின் சீக்கிரம் தீர்கிறது, தண்ணீர் கூட்டு என்பார். கூட்டினால் ஊட்டமும் குறையும், ரத்தத்தில் உப்பும் குறையும், வலிப்பு வரைக்கும் போகும். நிப்பிள் ஓட்டையைப் பெரிதாக்கச் சொல்வார்கள், பிள்ளைக்குப் புரையேறும். மாவைக் கரைத்து பாட்டிலில் ஊற்றச் சொல்வார்கள். தூங்கும்போது வாயில் வைத்து இறக்கிவிடச் சொல்வார்கள். வாயை மூடி முகத்தைத் திருப்பி, விரல்களை விரித்துக் கையைத் தளர்த்திப் போதும் என்று சொல்கிற பிள்ளைக்குத் திணித்துத் திணித்து, அது கக்கிய பிறகு கக்கினதுக்கும் அவளையே திட்டுவார்கள். இது அத்தனையும் எனக்குச் சொல்லப்பட்டவை. அன்பாகத்தான் சொன்னார்கள். கலக்கும் முறையை மட்டும் யாரும் சொல்லவில்லை. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ஊற்ற வேண்டும், ஏனென்றால் அந்தப் பொடி கிருமி நீக்கியது இல்லை. தண்ணீர் முதலில், அளந்த பிறகு பொடி, ஸ்கூப்பைத் தட்டையாக வழித்து. பிறகு ஆறவைத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காத பாலைக் கொட்டிவிட வேண்டும்.

சொல்லவந்தது வேறு, எங்கேயோ போய்விட்டேன். போகட்டும், இதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவரும் பால் கொடுத்தார், ராத்திரியில் பாதி வேளை அவர்தான். அவர் பாட்டிலைத் தூக்கி அளவு பார்த்தால் "எவ்வளவு பொறுப்பான அப்பா" என்பார்கள். அதே அறையில், அதே பாட்டிலை, அதே விளக்கில் நான் தூக்கிப் பார்த்தால் பைத்தியம். அந்த மேடையில் பேசியவர் ஏன் ஆண் குரலில் அழுது காட்டவில்லை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

குடும்பக் குழுவில் சிரிக்கும் முகம் போட்டவர்களுக்கு: இது உங்களுக்கும்தான். அத்தை, நீங்களும்தான். நேரில் பேசலாம்.

இந்த இரண்டு நாளில் இன்பாக்ஸில் "என் பிள்ளை இவ்வளவுதான் குடிக்கிறது, போதுமா" என்று கேட்டு எழுதிய அம்மாக்களுக்கு. ஒவ்வொருவருக்கும் பதில் போடுவேன், ஆனால் நான் டாக்டர் இல்லை. ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது அடர்த்தியான நிறத்தில் போகிறது, உச்சிக்குழி உள்ளே இறங்கித் தெரிகிறது, பாலுக்குக்கூட எழுப்ப முடியாமல் துவண்டு கிடக்கிறது, தொடர்ந்து பல வேளை பாலே வேண்டாம் என்கிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறது, மூன்று மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால், என் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். ராத்திரி என்றாலும் கிளம்பிப் போங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தது என்று நீங்கள் எழுதி வைத்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.