புகை இல்லாத கங்கு

ஊட்டியில் மறுபடி உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. போன ஜனவரியில் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

திருப்பூரிலிருந்து சித்தி, சித்தப்பா, தங்கை மூவரும் காந்தலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காலையில் பார்த்தால் புல் மேல் உப்பைக் கொட்டியதுபோல் பனி. சித்திக்கு இரவில் குளிர் தாங்கவில்லை. இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி போட்டு வாசலில் பற்றவைத்தார்கள். புகை ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் புகை முழுக்க அடங்கி, கரி செக்கச்செவேலென்று கனியும்வரை பொறுமையாகக் காத்திருந்துதான் அறைக்குள் எடுத்துப் போனார்கள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்தார்கள். கதவிடுக்கில் பழைய போர்வையைச் சொருகிவிட்டு, அம்மாவும் மகளும் படுத்துக்கொண்டார்கள்.

இரவு இரண்டு மணி இருக்கும். தங்கை தள்ளாடிக்கொண்டே வெளியே வந்து ஹாலில் வாந்தி எடுத்தாள். தலை வெடிக்கிறது என்றாள். சித்தியை உலுக்கினால் கண் திறக்கவில்லை, ஏதோ குழறினார்கள். மலை ஏறி வந்த கிறுகிறுப்பு என்றார் அப்பா. ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்றேன் நான். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைச் சித்தப்பா எடுத்து சித்தியின் விரலில் மாட்டினார். 96 காட்டியது. "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

அறைக்குள் எந்த வாடையும் இல்லை. சட்டியில் கங்கு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சித்தியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிட்டோம். மருத்துவமனையில் மணிக்கணக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள்.

கரி எரியக் காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணும் எரியாது. புகை அடங்கிய கங்கிலிருந்தும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், அதுவும் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. தண்ணீரில் அது கரைவதே அரிது, அதனால் சொம்புத் தண்ணீரால் பயனில்லை. விரலில் மாட்டும் கருவிக்கோ, ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த விஷம் ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த 96-ஐ நம்பிப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் சில ராத்திரிகளில் நினைத்துக்கொள்கிறேன். போதாததற்கு, ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே கிடைப்பதில் முக்கால் பங்கு ஆக்சிஜன்தான் இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும். 

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பாட்டி காலத்துல தினமும் சட்டி வெச்சோமே, என்ன ஆச்சு?" நியாயமான கேள்விதான். பாட்டி இருந்தது ஓட்டு வீடு. ஓட்டு இடுக்கில் காற்று போகும், பலகைக் கதவின் சந்தில் காற்று வரும். துரைமார் கட்டிய பங்களாக்களில் புகைபோக்கி வைத்திருந்தார்கள். நாம் இருப்பது கான்கிரீட் வீட்டில், ஜன்னல் இழுத்துச் சாத்தினால் ஈ நுழையாது. சட்டி அதே சட்டி, கரி அதே கரி. மாறியது வீடு. பழக்கம் மட்டும் கைமாறி வந்தது, அது எதனால் பாதுகாப்பாக இருந்தது என்ற காரணம் கூடவே வரவில்லை. "புகை ஆகாது" என்ற பாதி அறிவுதான் சித்தியைக் கதவை அடைக்க வைத்தது.

தங்கை அப்போது பிளஸ் டூ. வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள். ஆம்புலன்ஸ் வரும்வரை வாசல்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தவள், "அக்கா, இது நான் பரீட்சையில எழுதின கேள்வி" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எழுதியவள் அவள்தான், அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் படுத்தவளும் அவள்தான். பாடத்தில் படித்த வாயு படுக்கையறைக்கும் வரும் என்று யாராவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், வகுப்பில் ஒரு கரிச்சட்டியைக் காட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா? அவளைக் குறை சொல்லவே மாட்டேன். நானும் அதே பாடத்தைப் படித்துத் தேறியவள்தான்.

நாய்க்கடியிலும் இதே கதைதான். நாய்க்கடிக்கு மருந்து கொடுப்பதற்கென்றே தொடங்கிய பாஸ்டியர் நிலையம் குன்னூரில் 1907-லிருந்து இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடி வைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ரேபிஸ் கிருமிக்குக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். இது தெரிந்தவர் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே தடுப்பூசிக்கு ஓடுவார்.

மலைக்கு வருகிறவர்களுக்கு அறை விடுகிறவர்களே, தயவுசெய்து கரி அடுப்பை அறைக்குள் கொடுக்காதீர்கள். கேட்டாலும் கொடுக்காதீர்கள். கூட ஒரு ரஜாய் கொடுங்கள், சுடுதண்ணீர்ப் பை கொடுங்கள்.

சித்தி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். ஊருக்குத் திரும்பும் முன், எப்படி நடந்தது என்று என்னை உட்காரவைத்து இரண்டு முறை கேட்டுக்கொண்டார்கள். போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வந்தது.

"ஏம்மா, நம்ம வீட்டு கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளதானே இருக்கு? அங்க ஜன்னலே கிடையாதே. அப்போ அதுவும் இதே மாதிரிதானே?"

அந்த வாரமே அதைக் கழற்றி வெளியே மாட்டிவிட்டார்கள்.