கேஸ் முடியிறதில்ல, ஒழுகுது

மூன்று நாளா ஒரு டொயோட்டா அக்வா ஹைபிரிட் காரின் ஏசி வேலை ரசீதுப் படம் மட்டக்களப்புப் பக்கங்களில சுத்துது. ரெண்டு மாசத்துல ரெண்டு கொம்பிரசர் (கேஸை அழுத்திச் சுத்த விடுற பம்பு), மூணு தரம் கேஸ், "ஏசிக்காரனுகள் எல்லாம் கள்ளனுகள்". கீழ ஆமாம் போட்டவங்களில பாதிப்பேர் ஏசி வேலை செய்யிற நமக்குப் பழக்கமானவங்க. அதுதான் நோகுது.

காசு குடுத்தவருக்குக் கோவம் வாறது நியாயம். ஆனா அந்த ரசீதைப் பெரிசாக்கிப் பாருங்க. கொம்பிரசர் இருக்கு, கேஸ் இருக்கு, ஒயில் இருக்கு. ஈரம் உறிஞ்சிற ட்ரையர் இல்ல. கேஸின் சூட்டை வெளியில விடுற கண்டென்சர் இல்ல. குழாய்ப் பூட்டில போடுற ரப்பர் வளையம், ஓ-றிங், அதுவும் இல்ல. லீக் பார்த்ததா ஒரு வரியும் இல்ல.

கேஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்ல. அதே 400, 450 கிராம் கேஸ்தான் குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வருது. ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்கில கொஞ்சம் கசியும், உண்மை. மூணு மாசத்துல குளிர் போகுது எண்டா அது ஒழுகுது. ஒழுகிற இடத்தை அடைக்காம மேல மேல அடிச்சா அதுவும் ஒழுகும்.

ஒழுகிற இடம் எங்க? முதல்ல கண்டென்சர். கல்லடி, காத்தான்குடி, கல்முனை எண்டு நம்ம ரோட்டெல்லாம் கடலோரம்தான். உப்புக்காத்து அலுமினியத்தை அரிக்குது. அதுக்கு மேல டுப்ளிகேட் கண்டென்சர். ஒரிஜினலையும் அதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பெட்டி அதே, ஸ்டிக்கர் அதே, கையில தூக்கினா பாரம் குறைவு. தட்டைக் குழாயை எண்ணினா குறையும், குழாய்க்கு இடையில இருக்கிற மெல்லிய தகடெல்லாம் அகல அகலமா இருக்கும். பிராக்கெட் ஓட்டை ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அதை இழுத்துப் பூட்டினா குழாய் வாய் சரிஞ்சு நிக்கும், ஓ-றிங் ஒரு பக்கம் நசியும். அண்டைக்கு லீக் காட்டாது. ரோட்டில குலுங்கக் குலுங்கத்தான் காட்டும். அப்ப பேச்சு வாங்கிறது பூட்டினவன்.

ஓ-றிங்கும் அப்பிடித்தான். ஏசிக்கு எச்.என்.பி.ஆர் ரப்பர் வேணும். பச்சை நிறமா இருந்தாப் போதும் எண்டு நினைக்காதீங்க, பச்சைச் சாயம் யாரும் போடலாம். மலிவு றிங்கை ஒரு மாசத்துக்குப் பிறகு கழட்டிப் பாருங்க, ஒயில்ல ஊறி வீங்கி, நகம் பட்டாலே வெட்டுப்படும்.

ட்ரையர் கதை இன்னும் மோசம். அதுக்குள்ள இருக்கிறது ஈரம் உறிஞ்சிற மணி. மூடி இறுக்கமில்லாம கடை றாக்கையில ஒரு மாரிகாலம் கிடந்த ட்ரையர், பூட்ட முதலே குடிச்சு முடிச்சிட்டு. ஈரம் உள்ள நிண்டா கேஸ் விரிஞ்சு குளிருற எக்ஸ்பான்ஷன் வால்வில ஐஸ் கட்டும், ஒயிலோட சேர்ந்து அமிலமாகி உள்ளுக்க தின்னும். அதுக்காகத்தான் அரை மணித்தியாலமாவது உள்ள காத்தை உறிஞ்சி வக்கியூம் போட வேணும், நிப்பாட்டி கேஜ் முள்ளு ஏறுதா எண்டு பார்க்க வேணும். பத்து நிமிஷத்துல கேஸ் அடிச்சு அனுப்புறவங்க நம்ம ஊரிலயும் இருக்காங்க. நான் அவங்களுக்காகப் பேசல்ல.

"ஒரிஜினல் போட வசதி இல்ல" எண்டு சொல்றவங்களுக்கு என்னட்ட மறுபேச்சு இல்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிண்டது, தனியார் காருக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. அஞ்சு வருஷம் எல்லாரும் பழைய வண்டியைத்தான் ஓட்டினம், சாமான் விலை என்ன எண்டு எனக்கும் தெரியும். அப்ப ஜப்பான் பாவிச்ச கண்டென்சரைத் தேடுங்க, நைட்ரஜன் அடிச்சு சோதிச்சுப் பூட்டலாம். புது டுப்ளிகேட்டை விட அது மேல். ட்ரையரும் ஓ-றிங்கும் மட்டும் புதுசா, நல்லதா வேணும். அதுல மிச்சம் பிடிக்காதீங்க.

"சாமானை நாங்களே வாங்கித் தாறம், கூலியை மட்டும் சொல்லுங்க" எண்டு வாறவங்களுக்குத்தான் எனக்குப் பதில் சொல்லி அலுத்துப் போச்சு. கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடைகளில எந்தக் கடை எண்டு தெரியாது, பெட்டியில போட்டிருக்கிற பேர் உண்மையோ தெரியாது. பூட்டச் சொல்லுவீங்க. பழுதானா உத்தரவாதம் மட்டும் எங்களிட்டக் கேட்பீங்க. இது எந்த ஊர் நியாயம்?

கேஸிலயும் கலப்படம். சிலிண்டரை ஒரு ராத்திரி நிழல்ல வச்சுட்டு கேஜ் பூட்டிப் பாருங்க. 30 பாகையில சுத்தமான 134ஏ (கார் ஏசி கேஸ்) ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்டும். பெரிய வித்தியாசம் இருந்தா அதை வண்டிக்குள்ள விடாதீங்க. சரியாக் காட்டினாலும் முழுசா நம்பேலாது, எரியிற வாயு கலந்தும் வருது. அடிக்கிறதும் தராசில நிறுத்து அடிக்க வேணும். 400 கிராம் பிடிக்கிற வண்டிக்கு 100 கிராம் கூடினா கால்வாசி கூடின மாதிரி.

இனி அந்த அக்வா. அதுல கொம்பிரசர் பெல்ட்டில ஓடுறதில்ல, மோட்டரில ஓடுது. மோட்டர்ச் சுருள் ஒயிலுக்குள்ளயும் கேஸுக்குள்ளயும்தான் கிடக்குது. மின்சாரம் கடத்தாத என்.டி 11 ஒயில் மட்டும்தான் அதுக்குப் போடலாம். பெல்ட் வண்டிக்குப் போடுற பீ.ஏ.ஜி ஒயில் கொஞ்சம் கலந்தாலே மின்சாரம் கசியாமத் தடுக்கிற காவல் இறங்கும், எச்சரிக்கை லைட் எரியும், வண்டி ஸ்டார்ட் ஆகி ரெடிக்கு வராமலும் நிக்கும். ரசீதில "ஏசி ஒயில்" எண்டு மட்டும்தான் எழுதியிருக்கு.

அக்வாக்காரத் தம்பி, மூணாவது கொம்பிரசருக்குக் காசு குடுக்காதீங்க. கழட்டின ரெண்டையும் எறியாம கேட்டு வாங்கி வைங்க. ரெண்டாவதின் ஒயிலை வெள்ளைத் துணியில ஊத்தச் சொல்லிப் பாருங்க. கறுப்பா, மினுமினுப்பா தூள் இருந்தா முதல் கொம்பிரசர் உடைஞ்ச தூள் கண்டென்சருக்குள்ள நிக்குது. அந்த மெல்லிய ஓட்டைகளைக் கழுவி எடுக்கேலாது, கண்டென்சரை மாத்தத்தான் வேணும். தூள் இல்லாட்டி, என்.டி 11 தானா எண்டு பார்க்க ஊத்தின ஒயில் போத்தலின் படத்தைக் கேளுங்க.