எப்படிச் செத்தது என்று பேப்பரில் இல்லை

புரூனோ போய் எட்டு மாதம் ஆகிறது. பாக்ஸர் நாய், ஆறு வயது. காலையில் பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டு வழக்கம்போல் வாசலுக்கு ஓடினான். கேட்டுக்கு இரண்டடி முன்னால் அப்படியே நின்றான். பின்னங்கால் இரண்டும் மடங்கின. நான் போய்த் தலையைத் தூக்குவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கு முந்தைய வருடத்தில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறான். அரை நிமிடத்தில் எழுந்து, இருக்கிற துண்டு வாலை ஆட்டிக்கொண்டு சோறு கேட்டான். முதல் தடவை “வெயில் சார், பாக்ஸருக்கு ஆகாது” என்றார்கள். இரண்டாவது தடவை ஈசிஜி எடுத்தோம். நார்மல்.

போஸ்ட்மார்ட்டம் செய்யலாமா என்று டாக்டர் கேட்டபோது மனைவி “அவனைக் கூறு போடணுமா?” என்று அழுதாள். நான்தான் பிடிவாதமாகச் சரி சொன்னேன். இதயத்தின் வலது கீழறைச் சுவரில், தசை இருக்க வேண்டிய இடமெல்லாம் கொழுப்பு படர்ந்திருந்தது. பாக்ஸர்களுக்குப் பரம்பரையாக வரும் இதயத் தசை நோய். 1983-லேயே நீல் ஹார்ப்ஸ்டர் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விரிவாக எழுதிவிட்டார். அதாவது எனக்குப் பால் பல் முளைத்த காலத்திலேயே தெரிந்த விஷயம்.

இந்த நோயில் துடிப்பு நாள் முழுக்கத் தவறுவதில்லை. எப்போதோ சில நிமிடங்கள் தாறுமாறாக ஓடும், பிறகு ஒழுங்காகிவிடும். ஐந்து நிமிட ஈசிஜியில் அது சிக்கினால் அதிர்ஷ்டம். ஹோல்டர் என்ற கருவியை நெஞ்சில் கட்டி 24 மணி நேரம் பதிவு செய்ய வேண்டும். இதெல்லாம் அவன் போன பிறகு நான் படித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குட்டி வாங்கும்போது எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “பேப்பர் இருக்கா?” அதாவது வம்சாவளிச் சான்றிதழ். என் கையிலும் இருக்கிறது. மூன்று தலைமுறை, 14 பெயர்கள், அதில் ஐந்துக்கு முன்னால் சாம்பியன் பட்டம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி அன்றைக்கு நானும் விரலை வைத்துப் படித்துப் பெருமைப்பட்டேன். அந்த 14-இல் ஒன்றுகூட எத்தனை வயதில், எதனால் செத்தது என்று அதில் இல்லை.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் புரூனோவின் வம்சத்தைப் படமாகப் போட ஆரம்பித்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் பேனாவால் அடைத்துவிட வேண்டும். ஒன்பது குட்டி போட்ட ஈற்று. ஐந்து வீட்டு நம்பர் கிடைத்தது. ஒருவர் “தூக்கத்துலயே போயிட்டான் சார், நல்ல சாவு” என்றார். இன்னொருவர், தோட்டத்தில் பாம்பு கடித்திருக்கும் என்றார். பாம்பைப் பார்த்தீர்களா? இல்லை. கடிவாய்? இல்லை. மூன்றாவது வீட்டில் நாய் நன்றாக இருக்கிறது, ஆனால் “குஷியானா சில சமயம் சாஞ்சிடும்”. அப்பன் நாய்? விற்றவரிடம் கேட்டேன். “ஹீட் ஸ்ட்ரோக். இதுக்கு மேல போன் பண்ணாதீங்க.”

நம் ஊரில் திடீரென்று செத்த நாய்க்கு வெயில், பாம்பு, விஷம் என்று மூன்றே காரணம்தான். என் தாளில் அடைத்த கட்டம் புரூனோவுடையது மட்டும். மற்றதெல்லாம் கேள்விக்குறி. அறுத்துப் பார்க்காமல் யார் மேலும் பழி போட எனக்கு உரிமையில்லை.

இதையே ஒருவர் முறையாகச் செய்திருக்கிறார். புரூஸ் கட்டனாக். இங்கிலாந்தின் ஹார்வெலில் எலிகளை வைத்து மரபியல் ஆய்வு செய்த விஞ்ஞானி, வீட்டில் பாக்ஸர் வளர்த்தவர். வாலை வெட்டக்கூடாதென்று சட்டம் வரும் என்று பார்த்து, கார்கி நாயோடு கலந்து பிறவியிலேயே குட்டை வாலுள்ள பாக்ஸரை உருவாக்கிய வில்லங்கமான மனிதர்! இந்த இதய நோய் வந்த பாக்ஸர்களின் விவரத்தைச் சேர்த்து வம்சாவளியில் ஏற்றினார். அது போய் நின்ற இடம், அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான ஒரு சில நாய்கள்.

2010-இல் கேத்ரின் மியர்ஸ் குழு ஸ்ட்ரையட்டின் என்ற மரபணுவில் ஒரு குறையைக் கண்டுபிடித்தது. டெஸ்ட்டும் வந்தது. பிரச்சினை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் கட்டனாக்கின் வம்சாவளிக் கணக்கு அதோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. அந்தக் குறையே நோய்க்குக் காரணம் அல்ல, காரணம் அதே குரோமோசோமில் பக்கத்தில் இருக்கும் வேறொன்று என்று 2015-இல் எழுதினார். ஆய்வகம் சொன்னதைத் தட்டிக்கேட்க அவரிடம் இருந்தது செத்த நாய்களின் பட்டியல். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான்.

இந்த நோய் கடத்தப்பட அப்பா அம்மாவில் ஒருவர் போதும். ஆனால் சுமக்கிற எல்லா நாய்க்கும் வெளியே தெரியாது. தெரிகிறவற்றுக்கும் பெரும்பாலும் நடுவயதில்தான். சாம்பியன் ஆணை இரண்டு வயதிலேயே மேட்டிங்குக்கு விட ஆரம்பிக்கிறார்கள். ஆறு வயதில் அது விழும்போது, அதன் குட்டிகளும் குட்டி போட்டிருக்கும். முக்கால்வாசிப் பேர் தெரிந்து ஏமாற்றவில்லை, பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். “போன் பண்ணாதீங்க” என்றவரை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்பவர்களுக்கு டென்மார்க்கைச் சொல்வேன். அங்கே கவாலியர் நாய்களுக்கு வேறொரு இதயச் சிக்கல், வால்வு கெடுவது. இனப்பெருக்கத்துக்கு விடுமுன் இதயப் பரிசோதனை கட்டாயம் என்றார்கள். எட்டுப் பத்து வருடத்தில், அந்தத் திட்டத்தில் பிறந்த நாய்களுக்கு நோய் அபாயம் 73 சதவீதம் குறைந்தது. நார்வேயில் கவாலியர் இனப்பெருக்க விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2023-இல் தடை உறுதியானது. தடை எனக்கு உடன்பாடில்லை. டென்மார்க் வழிதான் சரி. நம் ஊரில் தடை போட்டால் பேப்பர் இல்லாமல் அதே குட்டி விற்கும்.

புரூனோவின் கூடப்பிறந்த பெண் ஒன்று சேலத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் மேட்டிங். ஒரு ஹோல்டர் எடுத்துவிட்டு விடுங்கள், செலவை நான் தருகிறேன் என்றேன். “குட்டிக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன் தம்பி” என்றார் அதன் சொந்தக்காரர். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பாக்ஸர் இருந்து திடீரென்று போயிருந்தால், பேப்பரின் போட்டோவையும் என்ன வயது, எப்படி விழுந்தது என்பதையும் இன்பாக்ஸில் அனுப்புங்கள். உங்கள் பெயரோ விற்றவர் பெயரோ வெளியே வராது. பாம்பு என்று நினைத்திருந்தாலும் அனுப்புங்கள்.