சரியான பெயரைத் தட்டச்சு செய்தவர் மேல் என்ன தப்பு?

எங்காவது ஒரு விஷமப் பேக்கேஜ், அதாவது பிறர் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் தீங்கான நிரல் தொகுப்பு, பிடிபட்டது என்று செய்தி வந்தால் போதும், 'டெவலப்பர்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்று அறிவுரை கிளம்பிவிடுகிறது. எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது. எழுத்தை மாற்றிப் போட்டு ஏமாற்றுகிற பேக்கேஜ் என்றால் சரி, கவனம் கொஞ்சம் உதவும். டிபெண்டன்சி கன்ஃப்யூஷனில், அதாவது ஒரு நிறுவனத்தின் உள் பேக்கேஜின் பெயரிலேயே வெளியே ஒரு போலியை ஏற்றி ஏமாற்றும் தாக்குதலில், டெவலப்பர் சரியான பெயரைத்தான், சரியாகத்தான் தட்டச்சு செய்கிறார். அப்புறம் எதைக் கவனிப்பது?

நடப்பது இதுதான். ஒரு நிறுவனம் உள்வேலைக்கென்று ஒரு பேக்கேஜ் எழுதித் தன் சொந்த சர்வரில் வைத்திருக்கிறது, பதிப்பு 1.4 என்று வைத்துக்கொள்வோம். பொதுவெளியில், அதாவது பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில், அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் விட்டுப்போன ஒரு கோப்பிலிருந்தோ, இணையதளத்தின் ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள்ளிருந்தோ பெயர் வெளியே தெரிந்துவிட்டால், யார் வேண்டுமானாலும் அதே பெயரில் 99.0 என்று ஒன்றை ஏற்றிவிடலாம். பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் பிப் என்ற கருவியில் உள் சர்வரை எக்ஸ்ட்ரா இண்டெக்ஸாக, அதாவது தேட வேண்டிய கூடுதல் இடமாகக் கொடுத்திருந்தால், அது உள்ளே வெளியே என்று பார்ப்பதில்லை, இரண்டு இடத்திலும் தேடிவிட்டுப் பெரிய எண் எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். இன்ஸ்டால் ஆகும்போதே அந்த நிரல் ஓடும்படியும் செய்துவிடலாம். இது பாதுகாப்பில்லை என்று பிப்பின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, ஆனால் அந்த வரியைத் தேடிப்போய்ப் படிப்பவர்கள் எத்தனை பேர்?

2021 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சான் இதை ஊருக்கே போட்டு உடைத்தார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால், டெஸ்லா உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உள்ளே அவருடைய பேக்கேஜ் போய் ஓடியது. வெளியே போகும் இணைப்புகளை ஃபயர்வால் மறித்துவிடும் என்று யோசித்து, தகவலை இணைய முகவரிகளைத் தேடும் டிஎன்எஸ் கேள்விகளுக்குள் வைத்து அனுப்பவைத்தார். குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதற்காக அந்த நிறுவனங்கள் தந்த பரிசு மட்டும் 1,30,000 டாலருக்கு மேல். நல்லவேளை, அவர் திருட வந்தவர் இல்லை.

அதற்குப் பிறகாவது எல்லாரும் சுதாரித்திருக்க வேண்டும். 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை லினக்ஸில் பைடார்ச் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் நைட்லி பதிப்பை, அதாவது தினமும் வெளியாகும் சோதனைப் பதிப்பை, பிப் வழியாக இன்ஸ்டால் செய்தவர்களுக்கு என்ன ஆனது? டார்ச்ட்ரைட்டான் என்ற அவர்களுடைய சொந்தப் பேக்கேஜின் பெயரில் பைபிஐயில் வேறு யாரோ ஒன்றை ஏற்றிவைத்திருந்தார்கள். அது வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் ஹோம் டைரக்டரியின் முதல் 1,000 கோப்புகளையும் படித்து, அதே டிஎன்எஸ் வழியில் வெளியே அனுப்பியது. பயனர்கள் பைடார்ச் சொல்லிக்கொடுத்த கட்டளையை அப்படியே போட்டவர்கள். பிறகு அந்தக் குழு பேக்கேஜின் பெயரை மாற்றி, புதுப் பெயரில் பைபிஐயில் ஒரு வெற்றுப் பேக்கேஜையும் போட்டு வைத்தது.

அதனால்தான் சொல்கிறேன், மாற வேண்டியது கருவிகளின் இயல்புநிலை, அதாவது யாரும் எதையும் மாற்றாதபோது அவை நடந்துகொள்ளும் விதம். முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பைத்தானுக்கான யூவி என்ற கருவி ஒரு பேக்கேஜை முதலில் எந்த இண்டெக்ஸில் பார்க்கிறதோ அதோடு நின்றுவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான பிஎன்பிஎம் என்ற கருவி 10ஆம் பதிப்பிலிருந்து டிபெண்டன்சிகளின், அதாவது நம் நிரல் நம்பியிருக்கும் பேக்கேஜ்களின், இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்களைக் கேட்காமல் ஓட்டுவதில்லை. பழைய பயனர்களுக்கு உடைந்துவிடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது, ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை இன்ஸ்டால் செய்பவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வெளியான அன்றே புதுப் பதிப்பை எடுக்காமல் சில நாள் பொறுப்பதும் நல்லதுதான். 2025 செப்டம்பரில் ஜாவாஸ்கிரிப்ட்டின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் சாக், டீபக் போன்ற பேக்கேஜ்களில் விஷம் கலந்தபோது சில மணி நேரத்திலேயே அதை நீக்கிவிட்டார்கள், பொறுத்தவர்கள் தப்பித்தார்கள். அவசரப் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் இதில் விலக்கு வேண்டும்.

உங்கள் நிறுவனத்தில் மென்பொருளைத் தொகுக்கும் பில்ட் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒன்று கேளுங்கள். உள் பேக்கேஜ்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் பைபிஐயிலும் என்பிஎம்மிலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள் பெயர்களை வெளியே தேடவே விடாதபடி, இணையத்துக்கும் உள் கணினிகளுக்கும் நடுவே நிற்கும் ப்ராக்ஸியில் அடைக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பெயரை ஏற்கெனவே வேறு யாரோ பதிவு செய்து வைத்திருந்தால், எப்போதிலிருந்து என்று பார்த்து அந்தத் தேதியிலிருந்து பில்ட் லாகுகளைத் தோண்டச் சொல்லுங்கள்.